கட்டுரை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை: உங்கள் கல்லூரியில் எப்படி?

கரும்பலகை | திங்கள், இரவு 9:42

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. போன வாரம் எங்களுக்கு ஒரு சர்க்குலர் வந்தது. ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் க்யூ1 இதழில் (இதழ்களை நாலு தரமாகப் பிரித்ததில் மேல் தரம்) கட்டுரை வந்தால் 50,000 ரூபாய், க்யூ2 என்றால் 30,000, க்யூ3, க்யூ4 என்றால் 15,000. கட்டுரையை எழுதியவர்களில் முதல் ஆசிரியரும், இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியரும் எங்கள் கல்லூரிக்காரர்களாக இருந்தால்தான் முழுத் தொகை. வெளியாள் சேர்ந்தால் அவர் பங்கு கழிந்துவிடும்.

இதுவரை சந்தோஷம்தான். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் இன்னொரு வரி: ஆண்டுக்கு இரண்டு கட்டுரையாவது இல்லாதவர்களுக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம்.

அன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் யாரும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசவில்லை. யார் பெயரை யார் கட்டுரையில் சேர்ப்பது என்பதுதான் பேச்சு. நான்கு வருடமாக ஆய்வகப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவர் சாயங்காலத்துக்குள் 'க்யூ1 டீம்' என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டார். என்னையும் சேர்த்திருக்கிறார். வெளியே வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மற்ற இடங்களில் இது எப்படி நடக்கிறது? பணம் கொடுப்பதால் ஆராய்ச்சி நிஜமாகவே கூடுகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மூணாவது பெஞ்ச் | திங்கள், இரவு 9:58

50,000ஆ! எங்கள் கல்லூரியில் கட்டுரை வந்தால் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதையும் திரும்ப வாங்கி அடுத்த துறைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10:31

நான் எதிர்ப்பக்கம். பேராசிரியர் இல்லை, ஒரு கல்லூரிக் குழுமத்தில் நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறேன். தரவரிசைக்குத் தரவு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. மேனேஜ்மென்ட் ஏன் இப்படிச் செய்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசை 2016இல் முதல் முறை வந்தது. பொறியியல் பிரிவில் ஆராய்ச்சிக்கு 30 விழுக்காடு. அந்த 30இல் பெரும்பகுதி கட்டுரை எண்ணிக்கையும், அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையும். இவற்றை நாங்கள் நிரப்பி அனுப்புவதில்லை, தரவுத்தளங்களிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற தலைப்புகளில் ஒரு வருடத்தில் பெரிதாக நகர முடியாது. நல்ல ஆசிரியர்களைச் சேர்க்க வருடங்கள் ஆகும், கட்டடம் கட்ட கோடிகள் ஆகும். கட்டுரை எண்ணிக்கையை இரண்டே வருடத்தில் இரட்டிப்பாக்கலாம்.

மே மாதம் அட்மிஷன் சமயத்தில் நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு விளம்பரம் போட என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதே விளம்பரத்தில் 'தேசியத் தரவரிசையில் முதல் 100க்குள்' என்று போட முடிந்தால் அதன் மதிப்பே வேறு. வெளிப்படையாகச் சொன்னால், அந்த 50,000 எங்கள் புத்தகத்தில் ஆராய்ச்சிச் செலவு. மனதில் விளம்பரச் செலவு.

---

கரும்பலகை | திங்கள், இரவு 10:40

இவ்வளவு நேராக ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். நன்றி சார். கோபம்கூட வரவில்லை.

---

யாங்சே ஓரம் | செவ்வாய், காலை 6:15

சீனாவில் மூன்றரை வருடம் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக இருந்துவிட்டு வந்தவன். இந்த விஷயத்தில் உலகத்துக்கே முன்னோடி அவர்கள்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990ஐ ஒட்டி நான்ஜிங் பல்கலைக்கழகம்தான் எஸ்.சி.ஐ. என்ற பன்னாட்டு அறிவியல் இதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை போட்டால் பணம் என்று ஆரம்பித்தது. அப்புறம் நாடு முழுவதும் பரவியது. 2017இல் க்வான், சென், ஷு என்ற மூன்று ஆய்வாளர்கள் 100 சீனப் பல்கலைக்கழகங்களின் 168 பரிசு விதிகளைத் திரட்டிப் படித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே கட்டுரைக்கு 30 டாலரில் தொடங்கி 1,65,000 டாலர் வரை கொடுத்திருக்கிறார்கள். நேச்சர் அல்லது சயன்ஸ் இதழில் வந்தால் 2016இல் சராசரி 43,783 டாலர். சம்பளம் குறைவான நாட்டில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உச்சத் தொகை ஒரு பேராசிரியரின் ஆண்டுச் சம்பளத்தைப் போலச் சுமார் 20 மடங்கு.

இதைவிடச் சுவாரசியமானது கீழ்மட்டம். படிகங்களின் அமைப்பை வெளியிடும் 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஈ' என்று ஓர் இதழ் உண்டு. ஒரு புதுச் சேர்மம், ஒரு எக்ஸ்-ரே தரவு, ஒரு சின்னக் கட்டுரை, அவ்வளவுதான். எஸ்.சி.ஐ. பட்டியலில் இருந்ததால் அதற்கும் பரிசு உண்டு. வருடக்கணக்கில் படிகம் படிகமாகப் போட்டு வீடு வாங்கினவர்கள் உண்டு என்று ஆய்வகத்தில் கதை சொல்வார்கள். கதையா நிஜமா தெரியாது. ஆனால் 2009 இறுதியில் ஒரே சீனப் பல்கலைக்கழகத்தின் இரண்டு குழுக்கள் போட்ட 70 படிக அமைப்புகள் போலி என்று அந்த இதழே அறிவித்துத் திரும்பப் பெற்றது நிஜம். அதில் ஒரு தந்திரம்: ஏற்கெனவே வெளியான சரியான தரவை எடுத்து, ஓர் அணுவை மட்டும் வேறொன்றாக மாற்றிப் புதுச் சேர்மம் என்று கணக்குக் காட்டுவது. கரும்பலகை சார் வேதியியல்காரர், அவருக்கு இது சிரிப்பாக இருக்கும்.

பணத்தால் தரம் கூடுகிறதா என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. 2011இல் பிரான்சோனி, ஸ்கெல்லாட்டோ, ஸ்டீஃபன் ஆகியோர் சயன்ஸ் இதழுக்கே வந்த கட்டுரைகளை நாடுவாரியாகப் பார்த்தார்கள். ரொக்கப் பரிசு அறிமுகமான நாடுகளிலிருந்து அனுப்புவது 46 விழுக்காடு கூடியது. ஏற்கப்பட்டது கூடவில்லை. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்கள்தான் கூடினார்கள்.

---

மூணாவது பெஞ்ச் | செவ்வாய், காலை 8:02

ஓர் அணுவை மாற்றிப் புதுக் கட்டுரை. நாங்கள் போன வருட புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அட்டையை மாற்றியதற்கே எச்.ஓ.டி. என்ன சத்தம் போட்டார்!

---

கரும்பலகை | செவ்வாய், காலை 8:20

சீனாவில் தடை செய்துவிட்டார்கள் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா?

---

யாங்சே ஓரம் | செவ்வாய், மதியம் 1:10

உண்மை. 2020 பிப்ரவரியில் கல்வி அமைச்சகமும் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகமும் சேர்ந்து உத்தரவு போட்டன. கட்டுரை எண்ணிக்கைக்கும் இதழின் இம்பாக்ட் ஃபாக்டருக்கும் (மேற்கோள்களை வைத்து இதழுக்குப் போடும் எண்) நேரடியாகப் பணப் பரிசு கூடாது, எஸ்.சி.ஐ. கணக்கை மட்டும் வைத்துப் பதவி உயர்வு தரக் கூடாது. அதற்குப் பதிலாக 'பிரதிநிதிப் படைப்புகள்' முறை. உங்கள் பட்டியலில் நூறு இருக்கட்டும், சிறந்தது என்று நீங்கள் நினைக்கும் நாலைந்தை எடுத்துக் கொடுங்கள், அதைக் குழு படிக்கும். அந்த நாலைந்தில் மூன்றில் ஒரு பங்காவது சீன உள்நாட்டு இதழ்களில் வந்திருக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு வெளியீட்டுக் கட்டணம் 20,000 யுவானைத் தாண்டினால் கல்விக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் சீன அறிவியல் கழகத்தின் நூலகம் 65 இதழ்களைப் போட்டு ஓர் எச்சரிக்கைப் பட்டியலும் வெளியிட்டது.

உடனே எல்லாம் மாறிவிட்டதா என்றால், நான் இருந்த இடத்தில் 'பரிசு' என்ற சொல் போய் 'செயல்திறன் ஊதியம்' என்ற சொல் வந்தது. தொகை குறைந்தது, போகவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். என் ஆய்வக மூத்தவர் பதவி உயர்வுக்குப் போனபோது அவருடைய ஒரு கட்டுரையின் இரண்டாவது படத்தைக் காட்டி ஒருவர் இருபது நிமிடம் கேள்வி கேட்டிருக்கிறார். அவர் வெளியே வந்து முதலில் சொன்னது, "நிஜமாகவே படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த ஆச்சரியம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

---

டர்பன்காரன் | செவ்வாய், இரவு 11:47

தென்னாப்பிரிக்காவில் விரிவுரையாளராக இருக்கிறேன். இங்கே முறையே வேறு, ஆனால் போய்ச் சேரும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இங்கே பணம் கொடுப்பது கல்லூரி இல்லை, அரசு. 2003இல் கொள்கை வகுத்து 2005லிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கீகரித்த இதழில் ஒரு கட்டுரை வந்தால் ஒரு யூனிட். ஒரு யூனிட்டுக்கு உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்குத் தரும் மானியம் ஒரு லட்சம் ராண்டுக்கும் மேல். முனைவர் பட்டம் ஒன்று முடிந்தால் மூன்று யூனிட். பணம் நமக்கு வராது, பல்கலைக்கழகத்துக்கு வரும், அதுவும் ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. அதில் எவ்வளவு ஆசிரியருக்கு என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். சில இடங்களில் ஆய்வுக் கணக்கில் போடுவார்கள். அதை வைத்துக் கருவி வாங்கலாம், மாநாட்டுக்குப் போகலாம். சில இடங்களில் சம்பளத்தோடு சேர்த்துக் கையிலேயே தருவார்கள்.

இதன் வினோதம் என்னவென்றால் நேச்சரில் வந்தாலும் ஒரு யூனிட், பட்டியலில் கடைசியாக இருக்கும் இதழில் வந்தாலும் ஒரு யூனிட். எல்லாத் துறையும் சமம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் இரண்டு வருட உழைப்பை ஒரு பெரிய கட்டுரையாக்குவதா, ஐந்தாக நறுக்குவதா என்று யோசிக்கும்போது விடை சுலபம். இங்கே அதற்கு சலாமி என்று பெயர். நீண்ட இறைச்சித் துண்டை மெல்லிசாகச் சீவுவது போல.

ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகத்தின் யோஹான் மூட்டன், ஆஸ்ட்ரிட் வாலன்டைன் இருவரும் 2017இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்கர்கள் எழுதிய ஏறக்குறைய 4,000 கட்டுரைகள், போலி அல்லது சந்தேகத்துக்குரிய ஏறக்குறைய 50 இதழ்களில் வந்திருந்தன. வரிப்பணம். ஒவ்வொன்றையும் எழுதியவர் மோசடிக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு அது போலி இதழ் என்றே தெரிந்திருக்காது, அங்கீகரித்த பட்டியலில் இருந்தது, போட்டார்கள்.

கூட்டாய்வு விஷயம் இன்னும் மோசம். யூனிட்டை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். சென்னையில் இருக்கும் என் நண்பர்கள் மூவரும் நானும் எழுதினால் எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கால் யூனிட்தான். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் வெளிநாட்டவரோடு எழுதிய கட்டுரையைக் கொண்டுபோனால் ஆய்வு அலுவலகத்தில் முதலில் கேட்பது "உள்ளூர் ஆசிரியர் எத்தனை பேர்?" தலைப்பைக் கூடப் பார்க்க மாட்டார்கள்.

---

பிப்பெட் | புதன், காலை 5:50

எல்லாரும் திட்டுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் ஊக்கத்தொகைக்கு ஆதரவு. அடிக்க வராதீர்கள், முதலில் கேளுங்கள்.

தென்மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நுண்ணுயிரியல். வாரம் 18 மணி நேரம் வகுப்பு, அது போக லேப், அது போக நாக் (கல்லூரித் தரச் சான்று) ஃபைல். மத்திய அரசு நிதிக்கு ஐந்து முறை விண்ணப்பித்தேன், ஐந்தும் இல்லை. எங்களைப் போன்ற கல்லூரிப் பெயரைப் பார்த்ததும் என்ன நடக்கும் என்று தெரியும். முதல் கட்டுரைக்கு கல்லூரி கொடுத்த 20,000 ரூபாயில் ஒரு பழைய மைக்ரோசென்ட்ரிஃபியூஜ் வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். இரண்டாவது கட்டுரைக் காசில் பிரைமர், என்சைம். இன்று என்னிடம் இரண்டு பி.எச்.டி. மாணவிகள் இருக்கிறார்கள். ஒரு பெண் பீடி சுற்றும் குடும்பத்திலிருந்து வந்தவள். என் ஆய்வகத்தில் இருக்கும் முக்கால்வாசிப் பொருள் ஊக்கத்தொகைதான்.

"ஆராய்ச்சிக்குப் பணம் கொடுங்கள், கட்டுரைக்குக் கொடுக்காதீர்கள்" என்று சொல்வது நியாயம்தான். எனக்கு முன்கூட்டியே யார் கொடுத்தார்கள்? பின்னால் கொடுத்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

---

செவ்வரளி | புதன், காலை 9:33

பிப்பெட் மேடம், உங்களை யாரும் அடிக்க வரமாட்டார்கள். உங்களைப் போல அந்தக் காசைத் திருப்பி ஆய்வகத்தில் போட்டவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

நான் தமிழ்த்துறை. இதுவரை பேசியவர்கள் எல்லாரும் அறிவியல், எங்கள் கதையையும் கேளுங்கள்.

எங்களுக்கு ரொக்கப் பரிசு கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2010இல் கொண்டுவந்த, ஆசிரியரின் கல்விப் பணிக்குப் புள்ளி போடும் ஏ.பி.ஐ. மதிப்பெண்தான் எங்களுக்குப் பணம். பதவி உயர்வு அதில்தான் தொங்கியது, பதவி உயர்வு என்றால் சம்பள உயர்வு. கட்டுரைக்கு இவ்வளவு, ஐ.எஸ்.பி.என். (நூல் அடையாள எண்) உள்ள நூலில் ஓர் இயலுக்கு இவ்வளவு, பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தால் இவ்வளவு. என்ன நடந்தது தெரியுமா? தமிழ்நாட்டில் எல்லாக் கருத்தரங்கமும் ஒரே இரவில் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆனது. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவர் வந்து விளக்கேற்றினால் போதும். பதிவுக் கட்டணத்தை அனுப்பினால் ஆறு பக்கக் கட்டுரை தலையணை கனத்தில் ஒரு தொகுப்பில் வரும், அட்டையில் ஐ.எஸ்.பி.என். இருக்கும். ஒரு தொகுப்பில் இருநூறு கட்டுரை. 'சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை' என்ற தலைப்பில் ஒரே தொகுப்பில் நான்கு கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். நான்கிலும் அதே புறநானூற்றுப் பாட்டு, அதே அச்சுப்பிழையோடு.

அந்தத் தொகுப்பை வாங்குபவர் எழுதியவர் மட்டுமே. அவரும் தன் கட்டுரை இருக்கும் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைப்பார்.

அப்புறம் யூ.ஜி.சி. அங்கீகரித்த இதழ்ப் பட்டியல் வந்தது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கினார்கள். 2019இல் அதற்குப் பதிலாகக் கேர் என்ற புதுப் பட்டியல். தமிழ் இதழ்கள் சில அதில் இடம் பிடித்தன, உடனே சிலவற்றில் கட்டணமும் வந்தது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டுவிட்டு, இதழைத் தேர்ந்தெடுப்பது இனி நிறுவனங்களின் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இப்போது எங்கள் கல்லூரியில் எந்த இதழ் நல்ல இதழ் என்று முடிவு செய்வது யார்? எனக்குத் தெரிந்து நூலகர்.

---

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 12:05

மேடம், அந்தக் கடைசி வரியில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு மெக்கானிக்கல் கட்டுரை நல்லதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? ஸ்கோப்பஸில் பார்த்தால் க்யூ1 என்று சொல்கிறது, செக்கில் கையெழுத்து வாங்கிவிடுவேன். எங்கள் குழுமத்தில் வருடம் நானூறு கோரிக்கைப் படிவம் வருகிறது. எல்லாவற்றையும் படிக்கச் சொன்னால் யார் படிப்பது?

---

செவ்வரளி | புதன், மதியம் 12:21

நானூறு தேர்வுத்தாள் வந்தால் திருத்துகிறோமே சார். தாளுக்கு இவ்வளவு என்று காசும் கொடுக்கிறீர்களே.

---

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 12:30

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

---

வடமராட்சி | புதன், பிற்பகல் 3:18

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் கொஞ்சம் வித்தியாசம். இலங்கையில் அரச பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு ஆய்வுக் கொடுப்பனவு என்று ஒன்று உண்டு, அடிப்படைச் சம்பளத்தோடு கணக்குப் பார்த்து மாதாமாதம் வரும். கட்டுரை ஒன்றுக்கு இவ்வளவு என்று இல்லை. ஆய்வு முன்மொழிவு கொடுக்க வேணும், பிறகு முன்னேற்றத்தைக் காட்ட வேணும். அதனால் காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கிற கட்டுரை ஆலைக்குப் போகிற அந்தரம் குறைவு என்று நினைக்கிறேன்.

ஆனால் இதிலும் ஒரு சங்கடம். கொடுப்பனவு மெல்ல மெல்லச் சம்பளத்தின் பகுதி போல ஆகிவிட்டது. முன்மொழிவு எழுதுவது ஒரு படிவம் நிரப்புகிற வேலை ஆகிவிட்டது. எங்கட பீடத்தில் ஒருவர் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார் என்று பகிடி. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நல்ல ஆட்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள், கொடுப்பனவு இருந்தும்தான்.

---

நெறியாளர் | புதன், மாலை 6:00

கவனிக்கவும்: இந்த இழையில் 'க்யூ2 இதழ், ஏற்புக் கடிதம் தயார், இரண்டாவது மற்றும் நான்காவது ஆசிரியர் இடம் காலி' என்று ஒரு விளம்பரம் பதிவாகியிருந்தது. நீக்கிவிட்டேன். அந்தக் கணக்கையும் முடக்கியிருக்கிறேன். இப்படி வந்தால் பதில் எழுதாமல் புகார் பொத்தானை அழுத்துங்கள். மூன்று பேர் தொலைபேசி எண் கேட்டுப் பதில் போட்டிருந்தீர்கள், அவற்றையும் நீக்கியிருக்கிறேன்.

---

மூணாவது பெஞ்ச் | புதன், மாலை 6:07

முதல் ஆசிரியர் இடம் ஏற்கெனவே விற்றுவிட்டதா? பரவாயில்லை, நல்ல வியாபாரம்.

---

யாங்சே ஓரம் | புதன், இரவு 8:44

சிரிப்பாக இருந்தாலும் கட்டுரை ஆலை என்பது இதுதான். பரிசு விதி ஒரு பக்கம், இந்த விளம்பரம் மறு பக்கம், நடுவில் ஒரு 'சிறப்பிதழ்'. விருந்தினர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்துவிட்டுப் பதிப்பகம் கண்ணை மூடிக்கொண்டால் உள்ளே எதுவும் போகும். ஹிந்தாவி என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் கதை தெரிந்ததுதானே? 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள், பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறப்பிதழ்களில் வந்தவை. அதை வாங்கியிருந்த வைலி நிறுவனம் அந்தப் பெயரையே கைவிட்டது. அந்த இதழ்கள் பலவும் ஒரு காலத்தில் கரும்பலகை சார் சர்க்குலரில் வரும் அதே பட்டியலில் இருந்தவை.

கணக்குப்பிள்ளை சார், அந்தக் கட்டுரைகளுக்குக் கொடுத்த பணத்தை யாராவது திரும்ப வாங்கினார்களா?

---

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 9:15

எங்கள் இடத்தில் ஏழு கட்டுரை. திரும்ப வாங்கவில்லை. விதியில் அப்படி ஒரு வரியே இல்லை. இருவர் வேலையை விட்டே போய்விட்டார்கள். 2025 தரவரிசையில் திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பு என்று வந்ததும்தான் அலுவலகத்தில் ஒரு பதற்றம். இப்போது புது விதியில் 'கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் தொகை சம்பளத்தில் பிடிக்கப்படும்' என்று சேர்த்திருக்கிறோம்.

---

டர்பன்காரன் | புதன், இரவு 11:58

இரண்டு தகவல், சும்மா சேர்த்து வைக்க. ஆஸ்திரேலியாவில் தொண்ணூறுகளில் பல்கலைக்கழக நிதியின் ஒரு பகுதியைக் கட்டுரை எண்ணிக்கையோடு கட்டினார்கள். கூடின கட்டுரைகளில் பெரும்பகுதி மேற்கோள் குறைவான இதழ்களில் வந்தவை என்று 2003இல் லிண்டா பட்லர் எழுதியது இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் உதாரணம். ஆனால் 2017இல் வேறு சிலர் அதே விஷயத்தைத் திரும்பக் கணக்கிட்டு, அப்படித் தரம் குறையவில்லை என்று மறுத்தார்கள். ஆகவே 'பணம் கொடுத்தால் குப்பைதான் வரும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல நானும் தயாராக இல்லை. நார்வேக்காரர்கள் இதழ்களை இரண்டு படியாகப் பிரித்து மேல்படிக்குக் கூடுதல் புள்ளி கொடுத்தார்கள். எந்த இதழ் மேல்படி என்பதை அந்தந்தத் துறை அறிஞர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அங்கே பெரிய மோசடிக் கதை எதுவும் நான் கேட்டதில்லை. சம்பளமும் நன்றாக இருக்கும் நாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்பெட் மேடம் சொன்னதுதான் எனக்கு மனதில் நிற்கிறது. இங்கும் ஆய்வுக் கணக்கில் போடும் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் அந்தக் காசில் மாணவர்களை மாநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கையில் வாங்குபவர்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நானும் கையில் வாங்கிய காலத்தில் கார் டயர் மாற்றினேன்.

---

பிப்பெட் | வியாழன், காலை 5:40

டயர் மாற்றினால் தப்பில்லை. என் கணவருக்குத் தெரியாமல் நான் வாங்கிய மைக்ரோசென்ட்ரிஃபியூஜுக்கு ஆறு மாதம் திட்டு வாங்கினேன்.

நேற்று முழுக்க ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பணம் கொடுத்த அந்தக் கல்லூரியில் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் "நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டதில்லை. டீன் கேட்டதில்லை, முதல்வர் கேட்டதில்லை. படிவத்தில் இதழின் பெயர், க்யூ எண், அடையாள எண். தலைப்புக்கு இருக்கும் கட்டம் அரை வரி, என் தலைப்பு அதில் அடங்காது. உப்பளத்து மண்ணில் ஒரு பாக்டீரியா, அது ஒரு சாயத்தைச் சிதைக்கிறது. திருப்பூர்க்காரர்களுக்கு என்றைக்காவது பயன்படலாம். இதைக் கேட்டது என் மாணவியின் அம்மா மட்டும்தான், அந்த மண்ணைப் பையில் கட்டிக்கொடுத்தவர்.

---

செவ்வரளி | வியாழன், காலை 7:12

அந்தக் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள் மேடம். பாதி புரியாது, இருந்தாலும் படிக்கிறேன்.

---

கரும்பலகை | வெள்ளி, இரவு 10:26

எல்லாருக்கும் நன்றி. நேற்று எங்கள் கல்லூரியில் ஆர் அண்ட் டி கூட்டம். சீனாவின் நாலைந்து கட்டுரை விஷயத்தையும், தொகையைக் கையில் தராமல் ஆய்வுக் கணக்கில் போடலாமே என்பதையும் சொல்லிப் பார்த்தேன். கூடவே, ஊக்கத்தொகை கேட்பவர் துறையில் எல்லார் முன்னாலும் கால் மணி நேரம் கட்டுரையைப் பற்றிப் பேசட்டும், கேள்விக்குப் பதில் சொல்லட்டும் என்றேன். அறையில் கொஞ்ச நேரம் அமைதி. 'க்யூ1 டீம்' வாட்ஸ்அப் குழுக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீன், "நல்ல யோசனை, நாக் குழு வந்துவிட்டுப் போகட்டும், பார்க்கலாம்" என்றார். மினிட்ஸில் அது ஏறவில்லை. இன்கிரிமென்ட் வரி அப்படியே இருக்கிறது.

என் ஒரு க்யூ2 கட்டுரை போன மாதம்தான் வந்தது. ஒன்றரை வருட வேலை, நிஜமான வேலை. படிவம் கொடுக்க நாளை கடைசி நாள். கொடுக்கத்தான் போகிறேன். என் துறைக்காரர்கள் நாலு பேரைத் திங்கள் சாயங்காலம் டீக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பிளாக்போர்டில் ஒரு கால் மணி நேரம் சொல்கிறேன் என்று. மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு கேள்வி. இந்த 30,000க்கு வரி பிடிப்பார்களா?

---

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10:51

பிடிப்பார்கள் சார். வேலை கொடுத்தவர் தருவது என்பதால் சம்பளத்தோடு சேரும், சம்பள வரிச் சான்றிதழில் வரும். மார்ச்சுக்குள் வந்தால் இந்த வருடக் கணக்கு. ஆசிரியர் பங்கீட்டுத் தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அது இல்லாமல்தான் பாதிப் படிவம் திரும்பிப் போகிறது.